முன்னாடியே ஏம்மா வரல?

“முன்னாடியே ஏம்மா வரல?”

அந்த டாக்டர் கோபத்தில் கேட்கவில்லை. ஸ்கேன் படத்தை மேசைமேல் வைத்துவிட்டு, கண்ணாடியைக் கழற்றிக் கண்ணைக் கசக்கிக்கொண்டே கேட்டார். எதிரே என் சித்தி மகள் உட்கார்ந்திருந்தாள். அவள் பின்னால் மாமியார். கதவோரம் நான். அவளுக்கு அப்போது ஐந்தாம் மாதம். இரண்டு வருஷம் ஆகப்போகிறது, அந்தக் கேள்வி என்னை விட்டபாடில்லை. சோறு வடிக்கும்போது, பஸ்ஸில் ஜன்னலோரம் உட்கார்ந்திருக்கும்போது, மனசுக்குள் அந்த டாக்டருக்கு ஒரு பதில் சொல்லிப் பார்க்கிறேன். அது போதாது என்று தோன்றும். அடுத்த நாள் வேறொரு பதில். அவளிடம் கேட்டுவிட்டுத்தான் இதை எழுதுகிறேன். “எழுதுக்கா, ஊர்ப் பேரு மட்டும் போட்டுறாத” என்றாள்.

கால்சியம் டப்பா

பதினாலு வயதில் அவளுக்கு முதல் வலிப்பு வந்தது. பள்ளிக்கூடத்தில், காலைப் பிரேயரில். யாரோ ஓடிவந்து கையில் சாவிக்கொத்தைத் திணித்திருக்கிறார்கள். அவள் விரல்களை விரித்துத் திணித்ததில் உள்ளங்கை கிழிந்து, அந்தத் தழும்பு இன்னும் இருக்கிறது. அடுத்த மாதத்திலேயே இரண்டாவது முறை. சித்தி அவளை நகரத்துக்குப் பெரிய ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப் போனாள். சோடியம் வால்ப்ரோயேட் எழுதிக் கொடுத்தார்கள். மாத்திரை கேட்டது. மூன்று மாதத்தில் வலிப்பு நின்றது, பத்தாவது எழுதினாள், பன்னிரண்டு முடித்தாள், பி.காம். படித்தாள். அந்த மாத்திரைக்கு நாங்கள் நன்றிக்கடன் பட்டவர்கள்தான், அதை மறுக்க மாட்டேன்.

பத்து வருஷம், மாதம் தவறாமல், சித்தி முதல் பஸ்ஸைப் பிடித்துப் போய் வரிசையில் நின்று மாத்திரை வாங்கிவந்தாள். ஓரம் நைந்துபோன அந்த ஓபி நோட்டில் எத்தனையோ டாக்டர்களின் கையெழுத்து இருக்கிறது. கர்ப்பம் என்று வரும்போது இந்த மாத்திரை ஆபத்து, கல்யாணத்துக்கு முன்பே வந்து மாற்றிக்கொள்ளுங்கள் என்று அதில் ஒருவரும் எழுதவில்லை, வாயாலும் சொல்லவில்லை. அவர்களைக் குற்றவாளிகளாக்க எனக்கு மனசு வரவில்லை. வரிசையில் இருநூறு பேர். எதிரே தாவணி போட்ட பிள்ளை, பக்கத்தில் அம்மா. அந்தப் பிள்ளையிடம் ஒரு டாக்டர் கர்ப்பத்தைப் பற்றிப் பேச்செடுத்திருந்தால் சித்தி என்ன சொல்லியிருப்பாள் என்று எனக்குத் தெரியும். “கல்யாணமாகாத புள்ளகிட்ட பேசுற பேச்சா இது?” என்று எழுந்து வந்திருப்பாள். நானும் அதை ஆமோதித்திருப்பேன்.

பிறகு மாப்பிள்ளை பார்த்தார்கள். சித்தப்பா ஒரே முடிவாகச் சொன்னார், “வெளிய சொன்னா எவன் கட்டுவான்?” அந்தப் பயத்தை அவர் சும்மா கற்பனை செய்துகொள்ளவில்லை. இந்து திருமணச் சட்டத்திலேயே, அடிக்கடி வலிப்பு வருகிறவர்களைப் பைத்தியம் என்று அன்றைக்கு எழுதிவைத்த நிலையோடு ஒரே வரியில் சேர்த்துத் திருமணத்துக்குத் தகுதியில்லாதவர்கள் என்று வைத்திருந்தார்கள். வலிப்பு என்ற அந்த ஒரு சொல்லைச் சட்டத்திலிருந்து எடுத்தது 1999-இல். சட்டப் புத்தகத்திலிருந்து போன சொல் தரகர் வாயிலிருந்து இன்னும் போகவில்லை. “பொண்ணுக்கு உடம்புக்கு ஒண்ணும் இல்லையே?” என்று அவர் கேட்டார். ஒன்றும் இல்லை என்று நாங்கள் எல்லோரும் சேர்ந்து சொன்னோம்.

அந்த ‘எல்லோரிலும்’ நான் எங்கே இருந்தேன் என்பதையும் சொல்லிவிட வேண்டும். கல்யாணத்துக்கு முந்தின வாரம், சித்தி வீட்டுப் பின்கட்டில் உட்கார்ந்து, மாத்திரை அட்டைகளை ஒவ்வொன்றாகப் பிரித்து, ஒரு காலி கால்சியம் டப்பாவில் போட்டு நிரப்பியது நான்தான். அட்டையில் மருந்தின் பேர் இருக்கும், புகுந்த வீட்டில் யாராவது படித்துவிடுவார்கள் என்று அந்த யோசனையைச் சொன்னவளும் நான்தான். அவள்மேல் உள்ள பாசத்தில்தான் செய்தேன். கட்டுச்சாதம் கட்டிக் கொடுப்பதுபோலக் கட்டிக் கொடுத்தேன்.

ஆடிக்கு வந்தவள்

வைகாசியில் கல்யாணம். ஆடிக்கு அழைத்துவந்தார்கள். தலை நிறையப் பூவோடு வந்திறங்கினாள். நாள் தள்ளிப் பதினெட்டு நாள் ஆகியிருந்தது. சித்திக்குக் கால் தரையில் பாவவில்லை. ராத்திரி மொட்டைமாடியில் நாங்கள் இருவர் மட்டும் படுத்திருந்தபோது, பையிலிருந்து அந்த டப்பாவை எடுத்து நீட்டினாள். “காலியாகப் போகுதுக்கா, ரொப்பிக் குடு.”

திறந்து உள்ளங்கையில் கவிழ்த்தேன். விழவில்லை. தட்டியபோது நாலைந்து மாத்திரைகள் ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டு ஒரே கட்டியாக வந்தன. மேல்பூச்சு பிசுபிசுத்து விரலில் ஒட்டியது. புகுந்த வீட்டில் குளியலறை மாடத்தில், துணிச் சோப்புக்குப் பின்னால் ஒளித்துவைத்திருக்கிறாள். அங்கேதான் அவளுக்குக் கதவைத் தாழ்ப்பாள் போட்டுக்கொள்ள முடியும். வால்ப்ரோயேட் காற்றிலிருக்கும் ஈரத்தை உறிஞ்சிக்கொள்ளும், அதனால்தான் அது அட்டையை விட்டு எடுக்கக்கூடாத மாத்திரை என்று எனக்குப் பிறகுதான் தெரிந்தது. “ஒட்டிக்கிட்டு இருந்துச்சுன்னா நகத்தால பேத்து எடுத்துப் போட்டுக்குவேன். சில நாளு யாராவது கதவத் தட்டுவாங்க. அன்னைக்கு விட்டுருவேன்” என்றாள். மாப்பிள்ளை மில்லில் நைட் ஷிஃப்ட் பார்த்த ஒரு விடியலில் நாக்கைக் கடித்துக்கொண்டிருந்திருக்கிறாள். தலையணையில் ரத்தம். பல்வலி என்று சொல்லி உறையைத் துவைத்துப் போட்டுவிட்டாள்.

எனக்கு உள்ளூர உறுத்தியது. மெடிக்கல் ஷாப்பில் கேட்டேன். “டாக்டரக் கேட்டுக்கோங்கக்கா” என்றார் அந்தப் பையன், சரியான பதில்தான். சித்தியிடம் சொன்னேன். “புள்ளத்தாச்சி ஆயிட்டா எல்லாம் சரியாப் போயிரும். நீ எதையாவது கெளப்பாத” என்றாள். டப்பாவை ரொப்பிக் கொடுத்தேன்.

ஆடி முடிந்து போனதும் மாமியார் அவளை ஆரம்ப சுகாதார நிலையத்துக்குக் கூட்டிப்போய்ப் பதிந்துவிட்டார். அந்த ஊர் நர்ஸம்மா நல்லவர். எடை பார்த்து, ரத்தம் எடுத்து, பிக்மி நம்பர் என்கிற கர்ப்பப் பதிவு எண் போட்டுக் கொடுத்திருக்கிறார். கேட்க வேண்டியதைக் கேட்டும் இருக்கிறார். “வேற ஏதாச்சும் மாத்திரை சாப்புடுறியா? சுகரு, தைராய்டு, ஃபிட்ஸு?” தங்கச்சி திரும்பிப் பார்க்கவில்லையாம். பார்க்காமலே, அத்தையின் வளையல் சத்தம் தன் காதுக்குப் பக்கத்தில் கேட்டதாம். “இல்லக்கா” என்று சொல்லிவிட்டாள். நர்ஸம்மா அந்தக் கட்டத்தில் ‘இல்லை’ என்று எழுதிக்கொண்டார். இரண்டு நிமிஷம் மாமியாரை வெளியே உட்காரச் சொல்லிவிட்டுக் கேட்டிருந்தால் என்று இப்போது நினைக்கிறேன். ஆனால் அது ஒரே அறை. வெளியே பெஞ்சில் இன்னும் பதினைந்து பேர். வெளியே போகச் சொன்னால் அதுவே வீட்டில் ஒரு கேள்வியாக வளர்ந்திருக்கும்.

இருபத்தெட்டு நாள்

வயிற்றில் கரு உருவான இருபத்தெட்டாம் நாளுக்குள் குழந்தையின் முதுகுத்தண்டாகவும் மூளையாகவும் ஆகப்போகிற அந்தக் குழல் மூடிக்கொண்டுவிடும். மூடாவிட்டால் அதன் பிறகு மூடவே மூடாது. கடைசி மாதவிலக்கிலிருந்து எண்ணினால் அது நாற்பத்திரண்டு நாள். அதாவது நாள் தள்ளிப்போய்ச் சரியாக இரண்டு வாரம். தள்ளிப்போனதை ஒரு பெண் கவனித்து, வீட்டில் சொல்லி, அட்டை வாங்கிச் சோதித்து, ஆஸ்பத்திரிக்குக் கிளம்புவதற்குள் அந்தக் கதவு சாத்தப்பட்டிருக்கும். என் தங்கச்சி பூ வைத்துக்கொண்டு பஸ்ஸிலிருந்து இறங்கிய அன்றைக்குப் பதினெட்டு நாள். கணக்குப் போட்டுப் பார்த்தேன், நாலு நாள் பிந்திவிட்டிருந்தோம். நர்ஸம்மா கேட்டபோது இன்னும் பிந்திவிட்டிருந்தது. அன்றைக்கே உண்மையைச் சொல்லியிருந்தாலும் அவள் வலிப்புக்கு, அவள் உயிருக்கு, உதவியிருக்கும். அந்த முதுகுத்தண்டுக்கு உதவியிருக்காது.

வால்ப்ரோயேட்டுக்கும் திறந்த முதுகுத்தண்டுக்கும் உள்ள தொடர்பு புதிதாகக் கண்டுபிடித்த சமாச்சாரம் இல்லை. 1982-இலேயே பிரான்ஸில் லியோன் நகரத்து மருத்துவர்கள் எழுதிவிட்டார்கள், என் தங்கச்சி பிறப்பதற்கு வெகு காலம் முன்பு. கர்ப்பத்தில் இதைச் சாப்பிட்ட பெண்களின் குழந்தைகளில் பத்தில் ஒன்றுக்குப் பெரிய பிறவிக் குறைபாடு வருகிறது. பத்தில் மூன்று நான்கு பிள்ளைகளுக்குப் படிப்பிலும் பேச்சிலும் வளர்ச்சியிலும் சிக்கல் வரலாம். பிரிட்டனில் 2018 முதல், பிள்ளை பெறும் வயதுப் பெண்ணுக்கு இந்த மருந்தைத் தரவேண்டுமானால் கருத்தடை முறையோடு சேர்த்துத்தான் தரவேண்டும், ஆபத்தை விளக்கி ஆண்டுதோறும் கையெழுத்து வாங்க வேண்டும் என்று வைத்திருக்கிறார்கள். லெவிடிரசெட்டம், லாமோட்ரிஜின் என்று ஆபத்துக் குறைந்த மருந்துகள் இங்கேயும் கிடைக்கின்றன. இதைப் படிக்கிற யாராவது வலிப்பு மாத்திரை சாப்பிடுகிறவராக இருந்தால் ஒன்று சொல்கிறேன்: தயவுசெய்து நீங்களாக நிறுத்திவிடாதீர்கள். திடீரென்று நிறுத்தினால் வலிப்பு அடுக்கடுக்காக வந்து உயிரையே கொண்டுபோகலாம். டாக்டரைப் பார்த்து மாதக்கணக்கில் மெதுவாக மாற்ற வேண்டிய விஷயம் அது. வலிப்பு உள்ள பெண்களில் பெரும்பாலோர் நல்ல குழந்தை பெற்றுக்கொள்கிறார்கள். திருவனந்தபுரம் ஸ்ரீசித்ரா ஆஸ்பத்திரியில் இப்படிப்பட்ட தாய்மார்களுக்கென்றே 1998 முதல் ஒரு பதிவேடு வைத்துத் தொடர்ந்து பார்த்துவருகிறார்கள்.

இன்னொன்று ஃபோலிக் அமிலம். வலிப்பு இல்லாத பெண்களுக்கும் வேண்டியது. கருவுறுவதற்கு ஒரு மாதமாவது முன்பிருந்து தினமும் 400 மைக்ரோகிராம். ஒரு தடவை முதுகுத்தண்டு மூடாத குழந்தை உருவான தாய்க்கு, அடுத்த முறைக்கு முன்பே பத்து மடங்கு கொடுத்தால், மறுபடி வருவது நூற்றுக்கு எழுபத்திரண்டு பங்கு குறைகிறது என்று 1991-இல் பெரிய ஆய்வொன்று நிரூபித்தது. (வால்ப்ரோயேட் செய்யும் கெடுதலை இந்த மாத்திரை முழுசாகச் சரிக்கட்டிவிடும் என்று இல்லை. மருந்தை மாற்றுவதுதான் முதல் காரியம்.) இந்தச் சத்தின் கதையே நம் மண்ணில்தான் தொடங்குகிறது என்பதைப் படித்தபோது எனக்கு நெஞ்சை அடைத்தது. லூசி வில்ஸ் என்ற ஆங்கிலேய மருத்துவர் 1928-இல் பம்பாய்க்கு வந்து, மில் தொழிலாளிப் பெண்களுக்குக் கர்ப்ப காலத்தில் வரும் ரத்தசோகையை ஆராய்ந்தார். குன்னூரில் வேலை பார்த்தார். 1931-இல் சென்னையில் கோஷா ஆஸ்பத்திரியிலும் இருந்தார், இன்றைக்குத் திருவல்லிக்கேணியில் கஸ்தூர்பா ஆஸ்பத்திரி என்று இருப்பதுதான் அது. ஈஸ்ட் சாறு கொடுத்து அந்தச் சோகையைத் தீர்த்தார். அந்தச் சாறுக்குள் இருந்தது ஃபோலிக் அமிலம் என்று பின்னால் தெரிந்தது. அந்தப் பெண்கள் கொடுத்த ரத்தத்தில் உலகம் கற்றுக்கொண்ட பாடம் அது. இன்று ஒரு டீ குடிக்கிற காசுக்கு ஒரு வாரத்து மாத்திரை கிடைக்கும். கல்யாணத்துக்கு முன்போ கல்யாணமான கையோடோ அதை வாங்கிச் சாப்பிட்ட ஒரு பெண்ணை எங்கள் தெருவில் நான் பார்த்ததில்லை. நானும் சாப்பிடவில்லை.

‘முன்னாடி’ என்பது எது?

டாக்டரின் கேள்விக்கு நான் சொல்லிப் பார்த்த பதில்களில் இதுதான் என்னிடம் கடைசியாக நிற்கிறது: எங்களிடம் ‘முன்னாடி’ என்று ஒரு காலமே இல்லை, டாக்டர்.

கல்யாணத்துக்கு முன் பிள்ளைப்பேறைப் பற்றிப் பேசினால் அசிங்கம். கல்யாணமான மறுமாதம் “என்ன, தலைக்குக் குளிச்சிட்டாளா?” என்று அக்கம்பக்கம் விசாரிக்கத் தொடங்கிவிடுகிறது. தலைதீபாவளிக்குள் விசேஷம் இருக்க வேண்டும். இந்த இரண்டுக்கும் நடுவே ஒரு பெண் தன் உடம்பைப் பற்றி ஒரு டாக்டரிடம் நிதானமாகப் பேசுவதற்கு எந்த வாரத்தை ஒதுக்குவது? யோசித்துப் பார்த்தால், நம் பெரியவர்கள் வைத்த ஒரே ஒரு ‘முன்னாடி’ ஆடி மாதம்தான். ஆடியில் கருத்தரித்தால் சித்திரை வெயிலில் பிரசவம் வரும் என்று புதுப்பெண்ணைத் தாய்வீட்டுக்குக் கூட்டிவந்துவிடுவார்கள். கர்ப்பத்தைத் தள்ளிப்போடலாம், அதற்கு ஒரு நாள் கணக்கு உண்டு என்பதை அவ்வளவு பச்சையாக ஒப்புக்கொண்ட வழக்கம் அது. அந்த மாதத்தில் தாய்வீட்டில் சும்மா இருக்கிற பிள்ளையை ஒரு தடவை சுகாதார நிலையத்துக்குக் கூட்டிப்போய் ரத்தமும் சர்க்கரையும் தைராய்டும் பார்க்க, சாப்பிடுகிற மருந்தைச் சொல்ல, மஞ்சள் நிற ஃபோலிக் மாத்திரை வாங்கிவர யாருக்கும் தோன்றியதில்லை.

கூட்டிப்போனால்தான் என்ன நடக்கும்? மாசமான பெண்ணுக்குத் தமிழ்நாட்டில் செய்வதைப்போல் வேறெங்கும் செய்வது அரிது, அதை நான் மனசாரச் சொல்வேன். 99 சதவீதத்துக்கு மேல் பிரசவங்கள் ஆஸ்பத்திரியில் நடக்கின்றன. முத்துலட்சுமி ரெட்டி பேரில் உள்ள மகப்பேறு உதவித் திட்டத்தில் ஊட்டச்சத்துப் பெட்டகத்தையும் சேர்த்து 18,000 ரூபாய், வீடு தேடிவரும் நர்ஸம்மா. அந்தப் பணத்துக்கு 12 வாரத்துக்குள் பதிந்துகொள்ள வேண்டும் என்கிற விதி. இத்தனை ஏற்பாடும் பிக்மி நம்பர் விழுந்த பிறகு. பள்ளிக்கூடத்தில் வாரம் ஒரு நீல நிற இரும்புச்சத்து மாத்திரை கொடுத்தார்கள், அதில் ஃபோலிக் அமிலமும் உண்டு. பள்ளிக்கூடம் முடிந்ததும் அது நின்றுவிடுகிறது. 20 முதல் 49 வயது வரை கர்ப்பமில்லாத பெண்களுக்கும் வாரம் ஒன்று என்று 2018-இல் வந்த ரத்தசோகை ஒழிப்புத் திட்டத்தில் எழுதியிருக்கிறது. எங்கள் ஊரில் அதை வாங்கிச் சாப்பிட்ட பெண் யார் என்று விசாரித்தேன், ஒருத்தியும் இல்லை. 2019–21 தேசிய குடும்ப நலக் கணக்கெடுப்பில், தமிழ்நாட்டில் 15 முதல் 49 வயதுப் பெண்களில் 53.4 சதவீதம் பேருக்கு ரத்தசோகை. பாதிக்கு மேல் பெண்கள் சோகையோடுதான் கர்ப்பத்துக்குள் நுழைகிறார்கள். ரேஷன் அரிசியில் செறிவூட்டிய மணிகளைக் கலக்க ஆரம்பித்தார்கள். ஒரு கிலோவுக்கு 75 முதல் 125 மைக்ரோகிராம் ஃபோலிக் அமிலம். ஒருத்தி ஒரு நாளைக்கு மூன்று முதல் ஐந்து கிலோ அரிசியைச் சமைத்துத் தின்றால்தான் அந்த 400 மைக்ரோகிராம் கணக்குக்கு வரும். அந்த மணிகளையும் பிளாஸ்டிக் அரிசி என்று நம்பி என் அம்மா முறத்தில் போட்டு ஒவ்வொன்றாகப் பொறுக்கிக் கீழே போடுகிறாள். நான் சொல்லியும் கேட்கவில்லை.

அந்த அறை

ஐப்பசி. தலைதீபாவளிக்குப் புடவை எடுத்தாகிவிட்டது. அஞ்சாம் மாச ஸ்கேனுக்கு மாமியார், அவள், நான். மாப்பிள்ளை ஷிஃப்ட் முடிந்து நேரே வருவதாக இருந்தது. ஸ்கேன் எடுத்தவர் பாதியில் பேச்சை நிறுத்திவிட்டார். பிறகுதான் அந்த டாக்டரின் அறை. முதுகுத்தண்டின் கீழ்ப்பகுதி மூடவில்லை, தலைக்குள் நீர் கோத்திருக்கிறது என்று படத்தைக் காட்டிப் பொறுமையாகச் சொன்னார். “வேற எதுக்காவது மருந்து எடுத்துக்கிறீங்களாம்மா? நல்லா யோசிச்சுச் சொல்லுங்க.”

அவள் தலையைக் குனிந்துகொண்டாள். புடவைத் தலைப்பின் ஓரத்து நூலை விரலில் சுற்றி இழுத்துக்கொண்டிருந்தாள். நான் அந்த நூலையே பார்த்துக்கொண்டிருந்தேன். அவள் சொல்ல மாட்டாள் என்று எனக்குத் தெரிந்துவிட்டது. சொன்னால் இந்தக் குழந்தையோடு சேர்த்து வாழ்க்கையும் போய்விடும் என்று பயந்துகொண்டிருக்கிறாள். அவள் சொல்லாததை நான் சொல்லலாமா? அது என்னுடைய ரகசியம் இல்லையே. ஆனால் அதை டப்பாவில் போட்டு மூடியது என் கை. “வலிப்பு மாத்திரை சாப்புடுறா டாக்டர். பதினாலு வயசுலருந்து. வால்ப்ரோயேட்” என்றேன். என் குரல் எனக்கே அந்நியமாகக் கேட்டது. மாமியார் என்னைத் திரும்பிப் பார்த்தார், அவளைப் பார்த்தார், மறுபடி என்னைப் பார்த்தார். அப்போதுதான் டாக்டர் கண்ணாடியைக் கழற்றினார். “முன்னாடியே ஏம்மா வரல? கொழந்தைக்கு முன்னாடியே வந்திருந்தா மருந்த மாத்தியிருப்பேனே.”

சட்டப்படி இடமிருந்தது. இரண்டு நாள் கழித்து அந்தக் கர்ப்பத்தை முடித்துக்கொண்டாள். அதைப்பற்றி இவ்வளவுதான் எழுதச் சொன்னாள்.

வராந்தாவில் மாப்பிள்ளைக்கு விஷயத்தைச் சொன்னதும் நான்தான். மில் பஞ்சு இன்னும் தலையில் ஒட்டிக்கொண்டிருந்தது. கத்துவார், கையை ஓங்குவார் என்று எதிர்பார்த்து, சித்தப்பாவுக்கு முதலிலேயே போன் போட்டு வைத்திருந்தேன். அவர் ரொம்ப நேரம் ஒன்றும் பேசவில்லை. பிறகு, “அந்தப் பல்வலி… அன்னைக்கு ரத்தம்… அது இதுதானா மதினி?” என்றார். ஆமாம் என்றேன். “நான் பக்கத்துல இல்லாம ஒண்டியா கெடந்திருக்காளே” என்று மட்டும் சொல்லிவிட்டுச் சுவர்ப்பக்கம் திரும்பிக்கொண்டார். இவரிடம் முதலிலேயே சொல்லியிருக்கலாமே என்று எல்லோரும் இப்போது சொல்கிறார்கள். எல்லா மாப்பிள்ளையும் இவராக இருந்துவிட மாட்டார்கள். சித்தப்பா பயந்தது நடந்த வீடுகளையும் நான் பார்த்திருக்கிறேன். அதனால் அந்தப் பேச்சை நான் யாரிடமும் பேசுவதில்லை.

மாமியார் நாலு மாதம் எங்களோடு பேசவில்லை. ஏமாற்றிவிட்டோம் என்றார். அது உண்மைதான்.

இரண்டாம் தடவைக்கு முன்னாடி

இந்தத் தடவை ‘முன்னாடி’யே போனோம். நரம்பியல் டாக்டர் புது மருந்தைக் கொஞ்சம் கொஞ்சமாக ஏற்றி, பழையதைக் கொஞ்சம் கொஞ்சமாக இறக்கினார். ஆறேழு மாதம் ஆகும், பிறகு வலிப்பு இல்லாமல் சில மாதம் பார்க்க வேண்டும், அதுவரை கர்ப்பம் கூடாது என்று எழுதியே கொடுத்தார். ஐந்து மில்லிகிராம் ஃபோலிக் மாத்திரையும் எழுதினார். இவ்வளவு தெளிவான சீட்டு கையில் இருந்தும், அதைக் கொண்டுபோய் நீட்ட எங்களுக்கு இடம் கிடைக்கவில்லை என்பதுதான் நான் நினைத்தே பார்க்காத விஷயம்.

சுகாதார நிலையத்தில் ஓபி சீட்டுப் போடுகிறவர் நிமிராமலே கேட்டார், “எத்தன மாசம்?” மாசமில்லை என்றோம். “அப்ப காய்ச்சலா?” காய்ச்சலும் இல்லை. தள்ளிப்போட ஏதாவது வழி வேண்டும், காப்பர்-டி போடலாமா என்று உள்ளே கேட்டபோது, “மொதல்ல ஒண்ணப் பெத்துக்கிட்டு வாங்க, போட்டுவிடுறோம்” என்றார்கள். பிள்ளை பெறாத பெண்ணுக்கும் காப்பர்-டி போடலாம், மருத்துவ விதியில் தடை கிடையாது. ஆனால் அங்கே யாரும் அப்படி ஒருத்திக்குப் போட்டுப் பழகியதில்லை. இரண்டு பிள்ளை பெற்றுக் குடும்பக் கட்டுப்பாடு ஆபரேஷனுக்கு வருகிறவளுக்கு எல்லாம் தயார். கல்யாணமாகி ஒரு வருஷம், கையில் பிள்ளை இல்லை, இன்னும் ஒரு வருஷம் வேண்டாம் என்று சொல்கிறவளை அவர்கள் ஏதோ தப்பு செய்ய வந்தவளைப்போலப் பார்த்தார்கள். வெளியே வந்து மரத்தடியில் நின்று அவள் அழுதாள். “சாகப்போற மாதிரி வந்தாக்கூட ஒரு வரிசை இருக்குக்கா. எனக்கு எந்த வரிசைன்னே தெரியல” என்றாள். கடைசியில் தனியார் ஆஸ்பத்திரியில் காசு கொடுத்துப் போட்டுக்கொண்டோம்.

மருந்து மாறுகிற அந்த மாதங்களில் இரண்டு தடவை வலிப்பு வந்தது. இரண்டு தடவையும் மாப்பிள்ளை பக்கத்தில் இருந்தார். ஒருக்களித்துப் படுக்கவைத்து, கழுத்துப் பக்கம் துணியைத் தளர்த்தி, நேரம் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாராம். இரண்டாவது தடவை மாமியார் சாவிக்கொத்தோடு ஓடிவந்திருக்கிறார். “அது வேணாம்மா” என்று அவர் கையைப் பிடித்து நிறுத்தியிருக்கிறார். மாமியார் சாவியை இடுப்பில் செருகிக்கொண்டு மருமகள் தலைமாட்டில் உட்கார்ந்துவிட்டார். அதற்குப் பிறகுதான் அவர் எங்களோடு பேச ஆரம்பித்தது.

போன மாதம் அங்கே போயிருந்தேன். மாத்திரை அட்டைகள் ஃபிரிட்ஜ் மேல், மாமியாரின் பிரஷர் மாத்திரைக்குப் பக்கத்தில், எல்லோர் கண்ணிலும் படும்படி இருந்தன. அட்டையை விட்டுப் பிரிக்காமல் இருந்தன. நான் காபி குடித்துக்கொண்டிருந்தபோது ‘மக்களைத் தேடி மருத்துவம்’ திட்டத்தில் வேலை பார்க்கும் பெண் வந்தாள். மாமியாருக்குப் பிரஷர் பார்த்து, மாதத்துக்கான மாத்திரையை எண்ணிக் கொடுத்து, நோட்டில் கையெழுத்து வாங்கினாள். கிளம்பப் போனவளை மாமியார் நிறுத்தினார்.

“எங்க மருமகளுக்கும் தெனம் ஒரு மாத்திர இருக்கும்மா. சின்னதா, மஞ்சளா. அதையும் இப்படிக் கொண்டாந்து குடுப்பியா?”

அந்தப் பெண் நோட்டைப் புரட்டினாள். பிரஷருக்கு ஒரு பக்கம், சர்க்கரைக்கு ஒரு பக்கம் இருந்தது. தங்கச்சியை நிமிர்ந்து பார்த்து, “மாசமா இருக்காங்களாம்மா?” என்று கேட்டாள்.

“இல்ல” என்றார் மாமியார். “இனிமேத்தான்.”